பழைய சாமான் வாங்கி விற்றால் வரி உண்டா? குமரி மாவட்டத்துச் சிறு விற்பனையாளர்களுக்கு ஒரு விளக்கம்

குமரி மாவட்டத்தில் பழைய சாமானுக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கட்டில், அலமாரி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று வீட்டையே காலி செய்துவிட்டுப் போகிறார்கள். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டுகிறவர்கள் தேக்கு, பலா, அயனித் தடியில் செய்த நிலைகளையும் கதவுகளையும் விற்கிறார்கள். மலையோரம் குலசேகரம் பக்கம் ரப்பர் ரோலர் கைமாறுகிறது, கடலோரம் குளச்சல் பக்கம் படகு எஞ்சின். செல்போனும் பைக்கும் எல்லா ஊரிலும் உண்டு. இவற்றை வாங்கி, துடைத்து, பழுது பார்த்து, வாட்ஸ்அப் குழுவிலும் ஓஎல்எக்ஸிலும் படம் போட்டு விற்கிறவர்களில் பலருக்கு இது முழுநேரத் தொழில் அல்ல. பகலில் சம்பள வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் இந்த வியாபாரம்.

வரி என்று பேச்சு வந்தால் இவர்களிடம் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். "புதுசா வாங்கினப்போ ஒருத்தர் வரி கட்டியாச்சு, பழசுக்கு எதுக்கு மறுபடி வரி?" என்பது ஒன்று. "ஜிபேயில் பணம் வாங்கினாலே நோட்டீஸ் வந்துவிடும், ரொக்கமாகவே கொடுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டாவது பயத்துக்குக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வழியாக வந்த தொகைகளை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது பெரிய செய்தியானது. அது ஜிஎஸ்டி பதிவுக்கான விற்பனை வரம்பைத் தாண்டினார்களா என்ற கேள்வியில் எழுந்த நோட்டீஸ். யுபிஐயில் பணம் வாங்குவதற்கென்று தனியாக ஒரு வரி கிடையாது. யுபிஐ செய்வதெல்லாம் விற்பனைக்குத் தடயம் வைப்பது மட்டும்தான். அந்தத் தடயம் உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் அடிப்படைக் கேள்வி: அந்தப் பொருளை எதற்காக வாங்கினீர்கள்?

நீங்களோ உங்களை நம்பியிருக்கும் குடும்பத்தாரோ பயன்படுத்த வாங்கிய அசையும் பொருளை வருமானவரிச் சட்டம் மூலதனச் சொத்து என்று கணக்கில் எடுப்பதில்லை. உடுப்பு, மேஜை நாற்காலி, டிவி, சொந்த பைக், சொந்த கார் எல்லாம் இதில் வரும். மூலதனச் சொத்து இல்லையென்றால் மூலதன ஆதாய வரியும் இல்லை. பத்து வருடம் படுத்த தேக்குக் கட்டிலை, தேக்கு விலை ஏறியதால், வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்றாலும் அந்த லாபத்துக்கு வரி கிடையாது. தாய் தகப்பன் காலத்துக்குப் பிறகு குடும்ப வீட்டில் மிச்சமிருக்கும் புழங்கு சாமான்களுக்கும் பொதுவாக இதே நிலைதான். வாரிசாகக் கிடைத்ததற்கு வரி இல்லை, வீட்டில் புழங்கிய பொருளை விற்றதற்கும் வரி இல்லை. ஆக, பால் காய்ச்சும் முன் பழைய வீட்டுச் சாமான்களை ஒரேயடியாக விற்று ஒரு லட்சம் ரூபாய் கணக்கில் வந்தது என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

இந்தச் சலுகைக்கு வெளியே நிற்பவை சில உண்டு. நகை அதில் முதலாவது. நம் ஊரில் அதுதான் முக்கியமும்கூட. தங்கம், வெள்ளி ஆபரணம், விலையுயர்ந்த கல் இவற்றை எத்தனை வருடம் உடம்பில் போட்டிருந்தாலும் மூலதனச் சொத்துதான். ஓவியம், சிற்பம், கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பும் அப்படியே. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகையை விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்த்து வழக்கமான விகிதம். பாட்டி கொடுத்த நகை என்றால் பாட்டி வாங்கிய விலையே உங்கள் விலை. 2001-க்கு முந்தையது என்றால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை எடுப்பதும் சட்டப்படி ஒரு விற்பனைதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிழைப்புக்காக வைத்திருந்த கருவிகள் இன்னொரு வகை. ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர், படகு எஞ்சின், தையல் கடையின் மிஷின் இவை வீட்டுப் புழக்கச் சாமான் ஆகாது. பெரும்பாலும் இவை வாங்கிய விலைக்குக் கீழேதான் போகும். அதனால் லாபமும் இராது, வரியும் இராது. ஆனால் அந்தக் கருவிக்கு வருடா வருடம் தேய்மானம் கழித்துக் கணக்குக் காட்டியவர்கள் ஆடிட்டரிடம் சொல்லாமல் விற்கக் கூடாது. தேய்மானக் கணக்கிலிருந்து அந்த விற்பனைத் தொகையைக் குறைக்க வேண்டியிருக்கும்.

சரி, வியாபாரம் எங்கே தொடங்குகிறது? வருடத்துக்கு இத்தனை பொருள் விற்றால் வியாபாரம் என்று சட்டத்தில் எண்ணிக்கை எதுவும் கிடையாது. விற்பதற்காகவே வாங்கினீர்களா என்பதுதான் அளவுகோல். வியாபாரத் தன்மையுள்ள ஒற்றை முயற்சிகூட வணிகம் என்ற சொல்லுக்குள் வரும் என்று சட்டம் வரையறுக்கிறது. தன் வீட்டு ஃபிரிட்ஜை 9,000 ரூபாய்க்கு விற்றவருக்கு வரிக் கேள்வியே இல்லை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜை 5,000 ரூபாய்க்கு வாங்கி, கேஸ் நிரப்பி, 9,000 ரூபாய்க்கு விற்றவருக்கு வணிக வருமானம் வந்துவிட்டது. சிறிய தொகைதான்; அதனால் வரி வராமல் போகலாம். ஆனாலும் அது வருமானம்.

வாங்கிய விலைக்கு என்ன ஆதாரம்?

இந்தத் தொழிலில் சிக்கல் சட்டத்தில் இருப்பதைவிட ஆதாரத்தில்தான் அதிகம் இருக்கிறது. புதுச் சாமான் விற்கும் கடைக்காரரிடம் மொத்த வியாபாரி கொடுத்த பில் இருக்கும். பழைய சாமான் விற்கிறவருக்கு எந்த வீட்டுக்காரர் பில் கொடுப்பார்? துபாய்க்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறவர் சாவியைக் கொடுத்து, ரொக்கத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விடுவார். விற்கும்போது மட்டும் 9,000 ரூபாய் ஜிபேயில் வந்து பதிவாகிவிடும். உள்ளே வந்த பணத்துக்குத் தடயம் உண்டு, வெளியே போன பணத்துக்கு இல்லை. நாளைக்கு ஒரு கேள்வி வந்தால், 9,000 ரூபாயும் லாபம் போலத் தெரியும்.

ஆகவே ரொக்கத்துக்கு மாறுவது தீர்வல்ல. வாங்கும் பக்கத்தையும் யுபிஐக்கு மாற்றுவதே தீர்வு. வீட்டுக்காரருக்கு ஜிபேயில் 5,000 அனுப்பி, குறிப்பில் "பழைய ஃபிரிட்ஜ்" என்று எழுதினால், பாதி வேலை முடிந்தது. அதோடு ஒரு வாங்கல் சீட்டு: தேதி, பொருள், சீரியல் எண், விலை, விற்பவரின் பெயர், ஊர், போன் நம்பர், கையெழுத்து. அச்சடிக்கக்கூட வேண்டாம், சாதாரண நோட்டுத்தாள் போதும். வண்டிக்கூலி, மெக்கானிக் கூலி, உதிரிப்பாகத்துக்குக் கொடுத்த காசையும் அதே பக்கத்தில் எழுதிவிட வேண்டும். திருட்டுச் சாமான் வாங்கிவிட்டோமோ என்று போலீஸ் கேட்டாலும் இதே சீட்டுதான் கைகொடுக்கும். செல்போன் என்றால் அதன் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். இதில் சோம்பல் படுகிறவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நேர்மையாக உழைத்துச் சம்பாதித்த காசை நிரூபிக்க முடியாமல் போவது பெரிய கொடுமை.

ரொக்கத்தைப் பற்றி இரண்டு வரம்புகள் தெரிந்தால் போதும். ஒரே ஆளிடமிருந்து ஒரு நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் வங்கியே வருமானவரித் துறைக்குத் தெரிவித்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

தக்கலையில் தனியார் நிறுவனத்தில் மாதம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர் பக்கவருமானமாகப் பழைய வீட்டு உபயோகப் பொருள் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருட விற்பனை 6 லட்சம். வாங்கிய விலை 4,20,000. பழுது, வண்டி, கூலி 60,000. லாபம் 1,20,000. சம்பளம் 3,60,000-இல் நிலையான கழிவு 75,000 போக 2,85,000. இரண்டும் சேர்ந்து 4,05,000.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரியில்லை. மிச்சம் 5,000 ரூபாய்க்கு 5 சதவீதம், அதாவது 250 ரூபாய். அதுவும் 12 லட்சம் வரைக்கான தள்ளுபடியில் கழிந்துவிடும். கட்ட வேண்டியது பூஜ்யம். ஆனால் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். "12 லட்சம் வரை வரி இல்லை" என்ற செய்தியை "12 லட்சம் வரை ரிட்டர்ன் வேண்டாம்" என்று புரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவமும் இங்கே செல்லாது. வணிக வருமானம் இருப்பதால் ஐடிஆர்-4 அல்லது ஐடிஆர்-3. காலம் தாழ்த்தினால், 5 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் உள்ளவருக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

ஐடிஆர்-4 உத்தேச வருமான முறைக்கானது. விற்பனை 2 கோடிக்குள் இருப்பவர்கள் முழுக் கணக்குப் புத்தகம் வைக்காமல், வங்கி வழியாகவோ யுபிஐயிலோ வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். மேலே சொன்னவருக்கு எல்லாமே யுபிஐ என்றால் 36,000 ரூபாய்தான் லாபக் கணக்கு. ஆனால் கையில் நின்றது 1,20,000 அல்லவா? இந்த விகிதங்கள் குறைந்தபட்சம். அதைவிட அதிக லாபம் வந்தது தெரிந்தால் அதைக் காட்டுவதே சரி என்பது என் கருத்து. இந்த உதாரணத்தில் அப்படிக் காட்டினாலும் கூடுதலாக ஒரு ரூபாய்கூட வரி இல்லை. அப்புறம், அடுத்த வருடம் வங்கிக் கடன் கேட்கப் போகும்போது அந்தக் கூடுதல் வருமானம் காகிதத்தில் இருக்கும்.

சம்பளம் அதிகமுள்ளவர்கள்தான் உண்மையில் கவனமாக இருக்க வேண்டும். வருடச் சம்பளம் 12,75,000 உள்ளவருக்கு நிலையான கழிவு போக 12 லட்சம், வரி பூஜ்யம். அவரே பழைய தடிக்கதவு விற்று 1 லட்சம் லாபம் பார்த்தால் வருமானம் 13 லட்சமாகி, தள்ளுபடி முழுவதும் போய்விடும். வரி 75,000, கூடுதல் வரியான செஸ் 3,000, ஆக 78,000 ரூபாய். ஒரு லட்சம் சம்பாதித்ததில் 22,000 ரூபாய்தான் மிச்சம். வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்ற விதியும் சேர்ந்துவிடும். உத்தேச முறையில் இருப்பவர்களுக்கு அது மார்ச் 15-க்குள் ஒரே தவணை.

பழைய வரிமுறையில் வீட்டுக்கடன், காப்பீடு கழித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. சம்பளம் மட்டும் இருந்தால் வருடா வருடம் பழையதா புதியதா என்று மாற்றிக்கொள்ளலாம். வணிக வருமானம் என்று ஒன்று சேர்ந்ததும் பழைய முறைக்குப் போக அதற்கென்று உள்ள படிவத்தை (2025-26-க்கு 10-ஐஇஏ) கெடு தேதிக்குள் போட வேண்டும். அதன்பின் ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பினால், வணிக வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. சில ஆயிரம் ரூபாய் பக்கவருமானத்துக்காக வீட்டுக்கடன் கழிவை இழந்துவிடக் கூடாது.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் வருட வருமானவரிச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறின. சொந்தப் புழக்கச் சாமானுக்கும் விற்க வாங்கியதற்கும் உள்ள வேறுபாடு அப்படியே தொடர்கிறது.

அரசு ஊழியர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வரியைப் பற்றி யோசிக்கும் முன் நடத்தை விதிகளைப் பார்க்க வேண்டும். முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை. மனைவி அல்லது கணவர் பெயரில் செய்வதானாலும் அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே நல்லது. சொந்த வீட்டுச் சாமானை விற்பது வேறு விஷயம்.

களியக்காவிளையைத் தாண்டினால்

ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டிய விற்பனை வரம்பு தமிழ்நாட்டில் பொருள்களுக்கு வருடம் 40 லட்சம் ரூபாய். பக்கவருமானக்காரர் யாரும் அதன் அருகில்கூட வரமாட்டார். மதுரையிலோ கரூரிலோ இருப்பவருக்கு ஜிஎஸ்டி கதை இத்தோடு முடிந்தது. குமரி மாவட்டத்தில் முடிவதில்லை. மார்த்தாண்டத்தில் படம் போட்ட சாமானுக்கு எல்லையைத் தாண்டிய கேரளப் பக்கத்துப் பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும்தான் முதல் போன் வரும். வரி விதிக்கத்தக்க பொருளை வியாபாரமாக வேறு மாநிலத்துக்கு விற்றால் 40 லட்சம் வரம்பு பொருந்தாது. ஒரே ஒரு அலமாரியை விற்றாலும் பதிவு கட்டாயம்.

இதில் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாத ஒருவருக்குப் பொருள் விற்கும்போது, பில்லில் எந்த மாநில முகவரி எழுதப்படுகிறதோ அந்த மாநிலத்தில் விற்றதாகக் கணக்கு. முகவரி எழுதாவிட்டால் விற்பவர் இருக்கும் இடமே விற்பனை நடந்த இடம். பாறசாலைக்காரர் மார்த்தாண்டத்துக்கு வந்து, பார்த்து, காசு கொடுத்து, தன் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனால் அது தமிழ்நாட்டு விற்பனை. நீங்களே வண்டி பிடித்து அவர் வீட்டு முகவரிக்கு அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. வாங்குகிறவர் ஜிஎஸ்டி பதிவுள்ள கேரளக் கடைக்காரர் என்றால் சாமான் போய்ச் சேரும் இடம்தான் கணக்கு. அவர் நேரில் வந்து எடுத்துப் போனாலும் அது வெளிமாநில விற்பனையே. பதிவு எடுக்காத சிறு விற்பனையாளர் இதை மனதில் வைத்து, "இங்கே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது. பழைய புத்தகம் விற்கிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அச்சடித்த புத்தகத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர்களிடம் வாங்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்பதில் பதிவுச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அவர்கள் வியாபாரிகள் அல்லர். வழியில் வண்டியை நிறுத்திக் கேட்பார்களே என்றால், பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் (சரக்கு வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆன்லைன் சீட்டு) வேண்டாம் என்று விதியே சொல்கிறது. வீடு மாறுகிறவருக்கு இது பொருந்தும். பத்து வாஷிங் மெஷினை அடுக்கிக்கொண்டு வருகிறவர் வீட்டுச் சாமான் என்று சொன்னால் எடுபடாது. வெளிமாநிலச் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் அவருக்கு இ-வே பில் தேவை. தமிழ்நாட்டுக்குள் என்றால் வரம்பு 1 லட்சம்.

பதிவு எடுத்துவிட்டால் முழு விலைக்கும் 18 சதவீதமா என்று பயப்பட வேண்டாம். பழைய பொருளுக்கென்றே ஜிஎஸ்டி விதிகளில் 32(5) இருக்கிறது. உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்காமல், பொருளின் தன்மையை மாற்றாமல் சிறு பழுது மட்டும் பார்த்து விற்றால், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. 5,000-க்கு வாங்கி 9,000-க்கு விற்றால் 4,000-க்குத்தான். நஷ்டத்தில் விற்றால் வரி இல்லை. ஒரே வரி இரண்டு முறை விழக் கூடாது என்று "பழசுக்கு எதுக்கு வரி?" என்று கேட்டவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் நியாயமான பதில் இது. இந்தச் சலுகையும் வாங்கிய விலைக்கு ஆதாரம் இருந்தால்தான் கிடைக்கும். நிலையை அறுத்து மேஜையாக்கினால் பொருளின் தன்மை மாறிவிடும். அப்போது முழு விலைக்கும் வரி. வெளிமாநிலத்துக்கு விற்காதவர்களுக்கு மொத்த விற்பனையில் 1 சதவீதம் கட்டும் இணக்க வரி (காம்போசிஷன்) திட்டமும் உண்டு, ஆனால் எல்லையோரக் கடைக்கு அது ஒத்துவராது.

தனியாகப் பார்க்க வேண்டிய சில பொருள்கள்

பைக், கார். சொந்த வண்டியைத் தனிநபர் விற்றால் ஜிஎஸ்டி இல்லை. பதிவுள்ள வியாபாரி விற்றால், 2025 ஜனவரி 16 முதல், எல்லாப் பழைய வண்டிக்கும் லாப வித்தியாசத்தில் 18 சதவீதம். வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய 2023 ஏப்ரல் முதல் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் பெற்றாக வேண்டும். டிஎன் 74 நாகர்கோவில் ஆனாலும் டிஎன் 75 மார்த்தாண்டம் ஆனாலும், முந்தைய உரிமையாளர் பெயரிலேயே வண்டியை வைத்து, கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு மூன்று கை மாற்றுவது ஆபத்தான பழக்கம். விபத்து நடந்தால் யார் தலையில் விழும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

பழைய வீட்டு மரச் சிற்பம், விளக்கு, சிலை. 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைவேலைப்பாடுள்ள பொருள் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். ஓலைச்சுவடி என்றால் 75 வருடம். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பத் தனிநபருக்கு அனுமதியே கிடையாது. இடிக்கும் வீட்டில் உருளியும் கிண்டியும் வாங்கலாம். செதுக்கு வேலை செய்த பழைய கதவென்றால் வயதைக் கேட்டுவிட்டுக் கைவைக்க வேண்டும். ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்கு, எடைக்குப் போட்டு இப்படிப்பட்ட வேலைப்பாடுகள் அழிவதும் நடக்கிறது. அது வரியைவிடப் பெரிய இழப்பு.

தான் வாங்காமல், அடுத்தவர் சாமானுக்கு ஆள் பிடித்துக் கொடுத்து 500, 1,000 என்று வாங்குகிறவர்களின் வருமானம் தரகு. உத்தேச வருமான முறை தரகுக்குக் கிடையாது. ஐடிஆர்-3 போட வேண்டும். ஜிஎஸ்டி வரம்பும் சேவை என்பதால் 20 லட்சம்.

உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில்வரி சிறிய தொகை. அரையாண்டு வருமானம் 21,000 வரை இல்லை, எவ்வளவு சம்பாதித்தாலும் வருடத்துக்கு 2,500-க்கு மேல் போகாது.

இத்தனை வருடம் எதுவுமே காட்டாமல் இருந்துவிட்டோமே என்று தயங்குகிறவர்களுக்கு: கட்ட வேண்டிய வரியைக் கட்டாமல் விட்டிருந்தால், புதுப்பித்த ரிட்டர்ன் என்ற வழி நான்கு வருடம் வரை திறந்திருக்கிறது. வரி, வட்டியோடு கூடுதல் தொகை ஒன்று உண்டு: முதல் வருடத்துக்குள் போட்டால் 25 சதவீதம், இரண்டாவதில் 50, மூன்றாவதில் 60, நான்காவதில் 70. நஷ்டம் காட்டவோ பணம் திரும்பக் கேட்கவோ இதைப் பயன்படுத்த முடியாது. துறை விசாரணையைத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, விற்பனையையும் வாங்கலையும் பிரித்து எழுதி, பக்கத்து ஆடிட்டரிடம் கொண்டுபோனால் எந்தெந்த வருடத்துக்கு உண்மையிலேயே வரி வருகிறது என்று அவர் சொல்லிவிடுவார்.